ஆகாயத்தை ஒட்டுக் கேட்கலாமா?

தேனிக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் ஒரு தடவை அவசியம் போய் வாருங்கள். மதுரைக்கும் போடிக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த பழைய மீட்டர் கேஜ் வண்டி 2010-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. அப்புறம் பதினோரு வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கத்துக் குழந்தைகள் ரயிலின் ஊதல் சத்தத்தைக் கேட்காமலே வளர்ந்தார்கள். 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரைக்கும் அகலப் பாதையில் வண்டி வந்து சேர்ந்தது. இப்போது ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டால் போதும், மலைகளே எழுந்து வந்து வரவேற்கின்றன.

நான் போனபோது என் கையில் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. சட்டைப் பைக்குள் அடங்குகிற சாமான்தான். கைப்பேசியில் கேட்காத பாட்டா என்று நீங்கள் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உசிலம்பட்டி தாண்டும் வரையில் மதுரைப் பண்பலை கணீரென்று பாடிக்கொண்டு வந்தது. ஆண்டிபட்டிக் கணவாயை வண்டி நெருங்கியதும் அதற்குத் தொண்டை கட்டிவிட்டது. கரகரவென்று இருமியது, அப்புறம் ஒரே இரைச்சல். கணவாயைக் கடந்து மறுபக்கம் வந்ததும் முள்ளை நகர்த்தினேன். 100.5-இல் கோடைப் பண்பலை பக்கத்து வீட்டு மாமி கூப்பிடுவது போல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பண்பலையும் வயர்லெஸ் பேச்சும் வெளிச்சத்தைப் போல் நேர்கோட்டில் போகிறவை. மலை குறுக்கே வந்தால் நிழல் விழுகிறது. கோடைக்கானலோ சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே நட்ட கம்பத்துக்குக் கீழே உள்ள சமவெளி முழுவதும் வீட்டு முற்றம் மாதிரி. ஆகவே தேனி ஜில்லாவில் மலைதான் சுவர், மலைதான் விளக்குத் தூண். எது கேட்கும், எது கேட்காது என்பதை மலையே தீர்மானிக்கிறது.

எது கேட்கலாம், எது கேட்கக் கூடாது என்பதை மட்டும் மலை தீர்மானிப்பதில்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது. அந்தச் சங்கதியைத்தான் இந்தப் பிரயாணத்தில் ஓர் அம்மாளிடம் பாடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

தேனியில் இறங்கிக் கம்பம் பஸ்ஸில் ஏறினேன். வீரபாண்டியில் ஆற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயில். சித்திரைத் திருவிழாவின்போது அந்தச் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. சின்னமனூருக்கு அப்பால் நெல் வயல், வாழை, தென்னை, பந்தலில் தொங்கும் திராட்சை என்று பச்சை மாறி மாறி வருகிறது. கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேற்கே தேவாரம் பக்கம் திரும்பினால் இளையராஜா பிறந்த பண்ணைப்புரம். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்த புதிதில் இந்தப் பள்ளத்தாக்கின் டீக்கடை ரேடியோக்களுக்கு எப்படித் தலை நிமிர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டேன். கிழக்கே மேகமலை, மேற்கே கேரளத்து மலை. நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்.

உத்தமபாளையத்தில் நான் தேடிப் போனது ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வீட்டை. பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. “டீச்சரம்மா வீடா? மாடியில கம்பி கட்டியிருக்கும் பாருங்க, அதான்” என்று பூக்காரி அடையாளம் சொன்னாள். அப்படியே இருந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தென்னை மரத்துக்கு ஒரு தாமிரக் கம்பி. துணி காயப் போடுவதற்கு அல்ல, அது ஏரியல்!

“வாம்மா, வா. கையக் காலக் கழுவிட்டு உக்காரு. காப்பி குடிச்சிட்டுப் பேசுவோம்” என்றார் டீச்சரம்மா. வயது எழுபதைத் தாண்டியிருக்கும். காதில் கோளாறு இல்லை. தாழ்வாரத்தில் நான் கிசுகிசுத்தது சமையலறையில் அவருக்குக் கேட்டுவிட்டது!

காப்பிக்குப் பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். பட்டுப் புடவையோ என்று பார்த்தேன். உள்ளே கட்டுக் கட்டாகத் தபால் அட்டைகள். தூர தேசத்து வானொலி நிலையங்கள் அனுப்பியவை. சிற்றலையில் ஒரு நிலையத்தைக் கேட்டுவிட்டு, இன்ன தேதியில் இன்ன நேரத்தில் இன்ன அலைவரிசையில் இன்ன நிகழ்ச்சியைக் கேட்டேன், இவ்வளவு தெளிவாக இருந்தது என்று எழுதிப் போட்டால், ‘ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்’ என்று நிலையத்தார் ஓர் அழகான படத்துடன் பதில் அட்டை அனுப்புவார்கள். உலகம் பூராவும் உள்ள வழக்கம் இது. அடுப்படியில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஐரோப்பாவைத் தொட்டுவிட்டு வந்தவர் இந்த அம்மாள்.

“எங்க காலத்துல இலங்கை வானொலிதான் எல்லாம். மயில்வாகனம் பேசினா எங்க வீட்டுக்காரர் சோத்துல கை வச்சதை மறந்துருவாரு. அப்புறம் கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது... ராத்திரியானா லண்டன் தமிழோசை” என்றார். பி.பி.சி. தமிழோசை 1941-இல் ஆரம்பித்தது. அதன் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. அன்றைக்கு டீச்சரம்மா வழக்கம் போல் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து, கடைசி வார்த்தை வரை கேட்டாராம். “வீட்டுக்கு வந்துபோய்க்கிட்டிருந்த ஒருத்தர், இனி வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போன மாதிரி இருந்துச்சு” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

பகலில் கேட்காத தூரத்து நிலையம் இரவில் எப்படிக் கேட்கிறது? ஆகாயத்தின் உச்சியில், சூரிய வெளிச்சத்தினால் மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கடுக்காக நிற்கிறது. கீழ் அடுக்கு மத்திய அலையைப் பகலில் விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகிறது. அலை இன்னும் மேலே போய் அங்குள்ள அடுக்கில் பட்டு, கண்ணாடியில் பட்ட வெளிச்சம் மாதிரி பூமிக்குத் திரும்புகிறது. அதனால்தான் நம் தாய்மார்கள் விளக்கு வைத்த பிறகு கொழும்பைத் தெளிவாகக் கேட்டார்கள். நகரத்தில் இருக்கிற உங்களுக்கு இன்று சிற்றலை சரியாகக் கேட்காவிட்டால் ரேடியோவைக் கோபிக்காதீர்கள். எல்.ஈ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து கிளப்புகிற இரைச்சல்தான் காரணம். “கரண்ட் போனா எல்லாரும் திட்டுவாங்க. நான் மட்டும் ரேடியோவைத் தூக்கிக்கிட்டு மாடிக்கு ஓடுவேன்” என்று டீச்சரம்மா சிரித்தார். இடி மின்னல் இருந்தால் மட்டும் ஏரியலைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திவிடுவாராம். மலையோரத்து இடி விளையாட்டல்ல.

இனி ஸ்கேனர் விஷயத்துக்கு வருவோம்.

டீச்சரம்மாவின் பேரன் கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் படிக்கிறான். அவனுக்கு வெளிநாட்டிலிருந்து மாமன் கொண்டுவந்து கொடுத்தது ஒரு ரேடியோ ஸ்கேனர். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி, தலையில் ஒரு குட்டை ஏரியல். சாதாரண ரேடியோ ஒரு நிலையத்தில் போய் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஸ்கேனர் அப்படி இல்லை. எங்கள் தெருவில் ஓர் அம்மாள் உண்டு. காலையில் பால் வாங்கப் புறப்பட்டால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தலையை நீட்டுவாள். உள்ளே பேச்சுச் சத்தம் இருந்தால் நிற்பாள். இல்லாவிட்டால் அடுத்த வீடு. ஸ்கேனரும் அந்த ஜாதிதான்! ஒரு விநாடிக்குள் பல பத்து அலைவரிசைகளை எட்டிப் பார்த்து, எங்கே குரல் இருக்கிறதோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் நகர்ந்துவிடும். பெருவிரல் அளவில் கம்ப்யூட்டரில் செருகிக்கொள்கிற சாமானாகவும் இப்போது இது கிடைக்கிறது. மலிவுதான். அதனாலேயே பல வீடுகளில் பிள்ளைகள் வாங்கிவிடுகிறார்கள், பெற்றோருக்கு அது இன்னதென்று தெரியாமலே.

பிள்ளை வாங்கிவந்தான்; திருகினான்; பேச்சுக் கேட்டது. இதில் என்ன தப்பு? ஆகாயத்தில் வருவது எல்லாருக்கும் பொதுதானே? கதவைத் தட்டாமல் அதுவாக நம் வீட்டுக்குள் வந்தால் கேட்காமல் காதைப் பொத்திக்கொள்வதா?

நானும் அப்படித்தான் வாதாடினேன். டீச்சரம்மா எழுந்து போய் ஒரு தபால் கவரை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். எதிர் வீட்டு விலாசம். “தபால்காரர் தவறுதலா நம்ம வீட்டுல போட்டுட்டாரு. அதுவாதான் வந்துச்சு. நான் பிரிக்கலாமா?” என்றார். வாத்தியார் வாத்தியார்தான்.

சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பொதுமக்களுக்காக அனுப்பப்படாத செய்தியை அனுமதியில்லாமல் இடைமறிப்பதைத் தடுக்க வேண்டும், தற்செயலாகக் காதில் விழுந்தாலும் அதை வெளியே சொல்வதையும் தடுக்க வேண்டும் என்று நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு நாடும் அதை ஒவ்வொரு விதமாக அமல் செய்கிறது. அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்புக்காரர்களின் திறந்த பேச்சை வீட்டில் உட்கார்ந்து கேட்பதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. அங்கே பலருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. அங்கேயும் செல்போன் பேச்சைப் பிடிக்கிற ஸ்கேனர்களை 1994 முதல் தடை செய்துவிட்டார்கள். பிரிட்டனில் கெடுபிடி அதிகம். ஸ்கேனரை வாங்கி வைத்துக்கொள்ளலாம். உங்களுக்காக அனுப்பப்படாத செய்தியைக் கேட்டால் 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். ஆகவே இன்டர்நெட்டில் அமெரிக்கப் பையன் ஒருவன் செய்து காட்டுவதைப் பார்த்து நம் வீட்டுப் பையன் செய்யக் கூடாது. அவன் ஊர்ச் சட்டம் வேறு.

நம் ஊரில்? 1933-ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் டெலிகிராபிச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்றது. கேட்பது கூட அல்ல, வைத்திருப்பதே! ஒலிபரப்புக் கேட்கிற ரேடியோவுக்குக்கூட ஒரு காலத்தில் தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கினோம். உங்கள் பாட்டியிடம் கேளுங்கள், சொல்வாள். அந்தக் கட்டணம் 1980-களில் ஒழிந்தது. ஒலிபரப்பு ரேடியோவுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் ஸ்கேனர் என்பது ஒலிபரப்பு ரேடியோ அல்ல. அந்தப் பழைய சட்டம் கேட்கிற கருவிக்கு விதித்த அபராதம் முதல் தடவை 100 ரூபாய் வரை. அனுப்புகிற கருவியாக இருந்தால், 1949-இல் வந்த திருத்தத்தின்படி, மூன்று வருஷம் வரை சிறை! வைத்திருப்பதே குற்றம் என்று முதலில் சட்டம் போட்ட வெள்ளைக்காரனுக்கு ஆகாயத்தைக் கண்டு அவ்வளவு பயம். பயந்ததற்குக் காரணமும் இல்லாமலில்லை. 1942-இல் பம்பாயில் 22 வயதுப் பெண் உஷா மேத்தா 42.34 மீட்டரில் ரகசியக் காங்கிரஸ் ரேடியோ நடத்தி அவன் தூக்கத்தைக் கெடுத்தாளே!

இப்போது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. பிறருடைய செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவு 2024 ஜூன் 26 முதல் அமலில் இருக்கிறது. நூறு ரூபாய் எங்கே, இரண்டு கோடி எங்கே! பிள்ளைக்கு இதைச் சொன்னால் சாமான் தானாக அலமாரிக்குள் போய்விடும்.

ஆனால் டீச்சரம்மாவின் பேரன் ஸ்கேனரை அலமாரியில் வைத்தது அபராதத்துக்குப் பயந்து அல்ல. அதற்கு வேறொரு கதை.

ஓர் ஐப்பசி மாதம். நாலு நாளாக விடாத மழை. முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சு. இந்தப் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அந்த அணை என்ன என்பதை வெளியூர்க்காரர்கள் எளிதில் புரிந்துகொள்ள முடியாது. 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த அணை இருப்பது கேரள எல்லைக்குள், பராமரிப்பது தமிழ்நாடு, தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இந்தப் பக்கம் இறங்குகிறது. 142 அடி வரை தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 2014-இல். அதற்கு முன்னால் 2011 டிசம்பரில் அணை விவகாரம் முற்றியபோது குமுளிச் சாலை அடைபட்டது. ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் போய் வந்துகொண்டிருந்த நம் பெண்கள் வேலையை விட்டுவிட்டு மலையிறங்கினார்கள். அந்த நாட்களில் உண்மையைவிட வதந்தி வேகமாக ஓடியது என்று டீச்சரம்மா சொன்னார். ஒரு வார்த்தைக்குப் பயந்து, அடுப்பில் உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிய குடும்பங்களை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அந்த ஐப்பசி இரவில் பேரன் மாடி அறையில் ஸ்கேனரைத் திருகிக்கொண்டிருந்தான். திடீரென்று பெட்டி ஓர் இடத்தில் நின்றது. ஓர் ஆண் குரல். நான்கே வார்த்தை. அப்புறம் இரைச்சல்.

“அப்பத்தா! ‘ஏறிக்கிட்டே இருக்கு, கீழே சொல்லிரு’ன்னு பேசுறாங்க அப்பத்தா!” என்று கத்திக்கொண்டே படியில் இறங்கி வந்தான். கையில் கைப்பேசி. குடும்பக் குழுவில் எழுதி முடித்துவிட்டான். அந்தக் குழுவில் கூடலூரிலும் லோயர் கேம்ப்பிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் நாற்பது பேர். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

“குடுய்யா அதை” என்று டீச்சரம்மா கைப்பேசியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆத்துக்குக் கிட்ட இருக்காங்க அப்பத்தா! சொல்ல வேண்டாமா?”

“யாரு பேசினது?”

“தெரியல.”

“யாருக்குச் சொன்னது?”

“தெரியல.”

“எது ஏறுது?”

பையன் விழித்தான். தண்ணீர் என்ற வார்த்தையை அந்தக் குரல் சொல்லவே இல்லை. நான்கு நாளாக எல்லார் வாயிலும் தண்ணீர், ஆகவே அவன் காதிலும் தண்ணீர்! டீச்சரம்மா அரசாங்கக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 போட்டுக் கேட்டார். அப்படி எச்சரிக்கை எதுவும் இல்லை என்று பதில் வந்தது. இருந்தாலும் அந்த இரவு அவர் தூங்கவில்லை. “நான் தடுத்தது தப்பாப் போயிருந்தா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விடிய விடிய ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஆற்றின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்க லைசென்ஸ் வேண்டாமே.

காலையில் பால்காரர் சங்கதி கொண்டுவந்தார். குமுளி மலைச் சாலையில் மரம் ஒன்று சாய்ந்துவிட்டது. மேலே இடமில்லை, கீழேயிருந்து வண்டிகள் ஏறிக்கொண்டே இருந்தன. அவற்றை அடிவாரத்திலேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஏறிக்கொண்டிருந்தது வண்டி!

அந்த நான்கு வார்த்தைகளையும் அப்படியே இங்கே தந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். டீச்சரம்மா எனக்கே மாற்றித்தான் சொன்னார். “காதுல விழுந்தது ஒரு தப்பு. அதை உனக்கு ஒப்பிச்சா ரெண்டாவது தப்பு” என்றார். நானும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். பொருள் மாறாமல்தான்.

இன்னொரு ஜாக்கிரதை. ஸ்கேனர் என்று சொல்லிக் கடையிலும் இன்டர்நெட்டிலும் விற்கப்பட்ட பெட்டிகளில் பல ஸ்கேனரே அல்ல, வாக்கி டாக்கி. பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உங்கள் வீட்டிலிருந்து அலை புறப்பட்டுவிடும். குழந்தை விளையாட்டாக அழுத்திக்கொண்டே இருந்தால், அதே அலைவரிசையில் அவசரமாகப் பேச வேண்டியவர் வாய் அடைபட்டுப்போகும். போடிக்கு மேலே குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ஆம் தேதி காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள், அவர்களில் இளம்பெண்கள் பலர். அந்த மாதிரி நேரத்தில் மலைக்கும் அடிவாரத்துக்கும் நடுவே ஒரு வார்த்தை தடைபடுவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அனுமதி விவரம் தெரிவிக்காமல் வாக்கி டாக்கி விற்றதற்காக 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளுக்கு 13 நோட்டீஸ் அனுப்பியது. குறைந்த சக்தியில் 446 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன இடத்தில் மட்டும், அதற்கென்று தயாரித்த கருவிக்கு, லைசென்ஸ் தேவையில்லை. ஆகவே வாங்குமுன் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்.

“அப்படியானால் ஸ்கேனரைக் குப்பையில் போட வேண்டியதுதானா?” என்று கேட்டேன்.

“ஏன் போடணும்? பரீட்சை எழுதினோம்ல!” என்றார் டீச்சரம்மா.

எழுதி“னோம்”! ஆமாம், அப்பத்தாவும் பேரனும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். ஹாம் ரேடியோ என்கிற அமெச்சூர் வானொலிக்கு மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை பரீட்சை வைக்கிறது. பன்னிரண்டு வயதானால் எழுதலாம். மேல் வரம்பு கிடையாது. கொஞ்சம் மின்சார சாஸ்திரம், கொஞ்சம் விதிமுறை. தேறினால் லைசென்ஸ், உங்களுக்கென்று ஓர் அழைப்புக் குறி. அப்புறம் ஹாம் அலைவரிசைகளில் கேட்பது மட்டும் அல்ல, பேசவும் செய்யலாம். அவர்கள் பேச்சில் ரகசியம் கிடையாது. சங்கேத மொழியில் பேசக் கூடாது என்பதே அவர்கள் விதி. டீச்சரம்மா சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் பாடக் குறிப்பு ஒட்டி வைத்துப் படித்தாராம். பேரனைவிட இரண்டு மார்க் அதிகம் என்றார். பேரன் இல்லாத சமயத்தில் சொன்னதால் முழுக்க நம்பலாமா என்று தெரியவில்லை!

சகோதரிகளே, இது ஆண்கள் விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஹாம் வானொலிக்காக அந்தமானில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். அவருடைய அழைப்புக் குறி வி.யு.2.ஆர்.பி.ஐ. 26-ஆம் தேதி சுனாமி வந்தது. டெலிபோன் செத்தது. அன்று தீவுகளுக்கும் நாட்டுக்கும் இடையே உயிரோடு இருக்கிறார், இல்லை என்ற செய்திகளைச் சுமந்தது அவருடைய கருவி. பொழுதுபோக்குக்காகக் கொண்டு போன பெட்டிதான் அது.

சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு டீச்சரம்மா என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். விடுமுறைக்கு வந்திருந்த பேரனும் மடிக்கணினியோடு வந்தான். ஸ்கேனரைக் காட்டினான். ஹாம் அலைவரிசைகளைத் தவிர மற்றதெல்லாம் அதில் பூட்டப்பட்டிருக்கிறது. வேண்டாத அலைவரிசையை எட்டிப் பார்க்காமல் தாண்டிப் போகச் சொல்ல ஸ்கேனரிலேயே வசதி உண்டு. நம்மில் எத்தனை பேர் அதை உபயோகிக்கிறோம் என்பது வேறு விஷயம்.

“இப்ப வரும்” என்றான் பையன்.

சர்வதேச விண்வெளி நிலையம்! சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணிக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுகிறது. அதில் ஹாம் கருவி இருக்கிறது. 2025 ஜூலையில் அங்கே போயிருந்த நம் சுபான்ஷு சுக்லா அந்தக் கருவி வழியாகத்தான் இந்திய மாணவர்களோடு பேசினார். ஆள் பேசாத நேரத்திலும் 145.825 மெகாஹெர்ட்ஸில் அது ஹாம்களின் சின்னச் சின்னச் செய்திகளை வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். எல்லாருக்கும் பொதுவான செய்திகள். கேட்பவர் யாராக இருந்தாலும் குறித்துக்கொள்ளலாம்.

சமவெளியில் பத்து நிமிஷம் கேட்குமாம். இங்கே இரண்டு பக்கமும் மலை நிற்பதால் அவ்வளவு கிடைக்காது. கேரளத்து மலை விளிம்பைப் பார்த்துக்கொண்டு மூவரும் நின்றோம். கீழே யார் வீட்டிலோ தாளிக்கிற வாசனை. பெட்டியில் வெறும் காற்று மாதிரி ஒரு சத்தம். திடீரென்று ‘கர்ர்ப்’ என்றது. நான் துள்ளிவிட்டேன்.

“ஒண்ணு” என்றார் டீச்சரம்மா, நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டே.

மறுபடியும் ‘கர்ர்ப்’. மடிக்கணினித் திரையில் எழுத்துக்கள் ஓடின. எங்கோ இருக்கிற ஒரு முகம் தெரியாத ஹாமின் அழைப்புக் குறி. தலைக்கு மேலே நட்சத்திரத்தைவிடப் பிரகாசமாக ஒரு புள்ளி, அவசரமே இல்லாமல் நகர்ந்து கொண்டிருந்தது. பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே போனார். பதினான்காவது பாதியில் அறுந்தது. மேகமலை மறைத்துவிட்டது.

டீச்சரம்மா மணி பார்த்து எழுதினார். பதினான்காவதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு அதை அடித்துவிட்டார்.

“அரைகுறையாக் கேட்டதை எழுதுறதில்லை” என்று சொல்லிவிட்டு, “சரி வாம்மா, கோடையில பழைய பாட்டுப் போடுற நேரமாச்சு” என்று எனக்கு முன்னால் படியிறங்கிப் போனார்.